கடைசிச் சுற்றுக்குத் தூக்கும் கால்

போன மாதம் லண்டனின் தெற்கே சட்டனில் ஒரு கலியாண வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். ஒலிபெருக்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு மண்டபத்தில் நுழைந்ததும் மணவறை கண்ணில் படாது. ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது என்றுதான் தேடும். ஸ்பீக்கர்கள் நின்றன. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேசையை மட்டும் காணவில்லை. அதற்குப் பின்னால் நிற்கவேண்டிய ஒலிபெருக்கிக்காரப் பொடியன் நிரூஷன் சாப்பாட்டு வரிசையில், ஒரு கையில் கோப்பையும் மறுகையில் டாப்லெட்டுமாக நின்றான். வடையைக் கடித்துக்கொண்டே விரலால் தட்டினான். மண்டபத்தின் மறுகோடியில் நாதஸ்வரத்தின் சத்தம் இறங்கியது.

"பாத்தீங்களா அங்கிள்? இனி மேசைக்குப் பின்னால நிண்டு கால் நோகத் தேவையில்லை."

"நல்லது மோனை. மேடையில நிக்கிறவன்ர முகத்தை ஆர் பாக்கிறது?"

"நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டெல்லோ வாசிக்கிறார்," என்று சிரித்தான். பிறகு, "அங்கிள், உங்கட வேர்ஸ்ட் ஷோ எது?" என்று கேட்டான்.

கொட்டகைக் கூரை காற்றில் எழும்பிப் போன கதை ஒன்றைச் சொல்லி அவனைச் சிரிக்க வைத்தேன். அது உண்மையான பதில் அல்ல. உண்மையான பதில் கலியாண வீட்டில் சொல்லக்கூடியதும் அல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனி, அங்கிருந்து லண்டன் என்று வந்து சேர்ந்தவன் நான். ஜேர்மனியில் உணவகக் குசினியில் கோப்பை கழுவினேன். சனி ஞாயிறுகளில் நம்மவர்களின் கலைவிழாக்களுக்கு ஸ்பீக்கர் தூக்கினேன். லண்டனில், நோர்பரியில் ஒரு பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. அங்கே வானுக்கு டீசல் அடிக்க வருகிற நெட்டை வெள்ளைக்காரர் ஒருவர், நான் எண்ணெய்ப் பெட்டிகளை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "உன்ர முதுகு எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப சனிக்கிழமை வா."

அதுதான் என் நேர்முகத் தேர்வு. அவர்தான் டெனிஸ். அவர் பேசியது தென்லண்டன் ஆங்கிலம். ஆனால் என் மனதில் அவர் பேச்சு எப்போதும் நம் ஊர்த் தமிழாகவே கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

டெனிஸ் முன்பு பஸ் ஓட்டியவர். பிறகு ஒரு வான், நாலு ஸ்பீக்கர் என்று தொடங்கி, பூங்காக்களில் நடக்கும் ஊர் விழாக்களுக்கு மேடையும் ஒலியும் கொடுக்கிற தொழிலுக்கு வந்தார். அவரிடம் எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்திருந்தவர் சிறி அண்ணை. என்னைப்போலவே ஜேர்மனி வழியாக வந்தவர். வாய் ஓயாத மனிதர். நாங்கள் மூன்று பேரும் ஒரு வானுமாகக் கோடைகள் போயின.

டெனிஸிடம் சத்தம் போட்டுத் திட்டும் பழக்கம் இல்லை. பிழை நடந்தால் கிட்ட வந்து, தலையைச் சரித்து, அந்தப் பிழையை இன்னொரு தரம் கேட்பதுபோல் நிற்பார். அது திட்டை விட மோசம். மின்சாரம் கொடுக்கும்போது முதலில் மேசை, கடைசியில் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பலம் கொடுக்கும் அம்ப். நிறுத்தும்போது அம்ப் முதலில், மேசை கடைசியில். ஒழுங்கு மாறினால் ஸ்பீக்கர் 'டும்' என்று ஒரு அடி அடிக்கும், குழந்தைகள் அழும். "வந்த சனம் அந்த டும்மைத்தான் வீட்டை கொண்டு போகும். பாட்டை இல்லை," என்பார். கேபிளைச் சுருட்டுவதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக. அப்படிச் சுருட்டிய கேபிளை எறிந்தால் முறுக்கில்லாமல் நேராகப் போய் விழும்.

மைக்கைச் சோதிக்க எல்லோரும் "ஒன், டூ" என்பார்கள். டெனிஸ் தான் ஓட்டிய பஸ்ஸின் தரிப்பிடங்களைச் சொல்லுவார். "குரொய்டன், தோன்டன் ஹீத், நோர்பரி, ஸ்ட்ரெதம், பிரிக்ஸ்டன்." பூங்காவில் நாய் நடத்துகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு கிழவி ஒருநாள் மேடைக்குக் கிட்ட வந்து, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். "இண்டைக்கு மழை, அம்மா. பஸ் மேடைக்குள்ள நிக்குது," என்றார் மைக்கிலேயே.

ஆனால் அவருடைய பெரிய சட்டம் வேறு. எங்கள் தொழிலில் ஒரு கள்ளத்தனம் உண்டு. பாடகர் "என்ர சத்தம் எனக்குக் கேக்கேல்லை" என்று முறையிட்டால், எதனோடும் இணைக்காத ஒரு பொத்தானைத் தொட்டு ஏற்றுவதுபோல் காட்டுவது. பாடகர் "ஆ, இப்ப நல்லாயிருக்கு" என்பார். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். சிறி அண்ணையும் ஒருமுறை செய்தார். டெனிஸ் சிறி அண்ணையைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பாடகி நின்ற இடத்தில் நிறுத்தி, ஒரு முழுப் பாட்டுக்கும் அங்கேயே நிற்கவிட்டார். பிறகு சொன்னார்: "மேடையில நிக்கிறவனுக்குச் சனம் கேக்கிறது கேக்காது. அவனுக்கு நாங்கள்தான் காது. காது பொய் சொல்லக்கூடாது."

வருடத்தில் ஒருநாள் டெனிஸ் மேசைக்குப் பின்னால் நிற்கமாட்டார். நோர்பரிப் பக்கத்துப் பூங்காவில் நடக்கும் கோடை விழாவில் கடைசி நிகழ்ச்சி அவருடையது. பாஞ்சோ வாசிப்பார். மத்தளத்துக்குத் தோல் போர்த்ததுபோல் ஒரு வட்டம், நீண்ட கழுத்து, ஐந்து கம்பி. கட்டைவிரலில் பிளாஸ்டிக் நகமும் மற்ற இரண்டு விரல்களில் தகர நகமும் மாட்டிக்கொண்டு வாசிக்கவேண்டும். அவருடைய மனைவி பாலின் கிற்றாரும் பாட்டும். இன்னும் ஒருவர் வயலின், ஒருவர் ஆளுயரப் பெரிய பாஸ். அமெரிக்க மலைநாட்டுப் புளூகிராஸ் இசை. முதல்முறை கேட்டபோது சிறி அண்ணை என் காதுக்குள், "என்னடாப்பா, சாவீட்டுச் சொல்லைக் கலியாண வீட்டு ஓட்டத்தில பாடுறாங்கள்," என்றார். அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த இசைக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. அவை தெரிந்தால்தான் மிச்சம் விளங்கும்.

ஒன்று, நாலு பேருக்கும் ஒரே மைக். நடுவில் ஒன்று நிற்கும். சுற்றி நாலு பேரும் தோளோடு தோள் முட்ட நிற்பார்கள். யாருடைய முறையோ அவர் ஒரு அடி முன்னுக்கு வருவார். முடிந்ததும் பின்னுக்குப் போய் அடுத்தவருக்கு வழி விடுவார். கூட்டிக் குறைப்பது அவர்களுடைய கால்தான். மேசையில் நிற்கிற எனக்கு ஒரே ஒரு பொத்தான்; அதை ஏற்றினால் நாலு பேரும் ஏறுவார்கள், இறக்கினால் நாலு பேரும் இறங்குவார்கள்.

மற்றது, பாட்டில்லாத வாத்திய மெட்டுகளுக்கு முடிவு என்று ஒன்று எழுதப்பட்டிருக்காது. சுற்றிச் சுற்றி வரும். மெட்டைத் தொடங்கியவர்தான் முடிக்கவேண்டும். கடைசிச் சுற்று வந்ததும் அவர் ஒரு காலைத் தூக்குவார். ஐயர் விரலை ஆட்டினால் கெட்டிமேளம் விழுகிறதல்லவா, அதுபோல. கால் தூக்கியதும் எல்லோரும் ஒன்றாக நிறுத்துவார்கள், கத்தியால் வெட்டியதுபோல. தொடங்காதவர் கால் தூக்குவது மரியாதைக்கேடு. டெனிஸின் குழுவில் டெனிஸைத் தவிர வேறு யாரும் கால் தூக்கி நான் கண்டதில்லை.

டெனிஸுக்கு வந்த நோய் கேபிளில்தான் முதலில் தெரிந்தது. ஒருநாள் விழா முடிந்து சுருட்டிக்கொண்டு நின்றவர், சுருட்டி முடித்த கேபிளை விரித்தார். மறுபடி சுருட்டினார். மறுபடி விரித்தார். சிறி அண்ணை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கினார். அதற்குப் பிறகு ஒரு பூங்காவில், அம்ப் ஓடிக்கொண்டிருக்க மேசையை அணைத்துவிட்டார். அந்த 'டும்' என் நெஞ்சுக்குள் விழுந்தது. டெனிஸ் திரும்பி, "ஆர் செய்தது?" என்று கேட்டார். அவருடைய விரல் இன்னும் பொத்தானில் இருந்தது.

"நான்தான். சொறி டெனிஸ்," என்றார் சிறி அண்ணை.

டெனிஸ் தலையைச் சரித்துக்கொண்டு சிறி அண்ணைக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

டாக்டர் சொன்னதைப் பாலின்தான் எங்களுக்குச் சொன்னார். மறதி நோய், இனி இறங்குமுகம்தான். வானையும் சாமான்களையும் நான் பொறுப்பெடுத்தேன். டெனிஸ் சில நாட்களில் வந்து முன் இருக்கையில் இருப்பார். சில நாட்களில் யாருடைய வான் என்று கேட்பார். பாஞ்சோ மட்டும் போகவில்லை. "ஆளைத் தெரியாத நாளிலையும் விரலுக்கு மெட்டுத் தெரியுது," என்றார் பாலின்.

அந்த வருடக் கோடை விழா வந்தது. ஈரக் காற்று, மழை விழவில்லை. நம்முடைய பெண்கள் சங்கத்தின் றோல்ஸ் பலகாரக் கடைக்கு முன்னால் வரிசை. சின்னப்பிள்ளைகளின் பரதநாட்டியம் முடிந்து, பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டு நின்றபோது பாலின் மேசையடிக்கு வந்தார்.

"நாதன், இந்தமுறை டெனிசுக்குத் தனி மைக் போடும்."

எனக்கு விளங்கவில்லை. "ஒரு மைக்தானே உங்கட வழக்கம்?"

"ஓம். ஒரு மைக் எண்டால் அவர் பிழைச்சால் எல்லாருக்கும் கேக்கும். தனி மைக் எண்டால் நீர் அவற்ற சத்தத்தை மட்டும் மூடலாம். மேடையில நாங்கள் சமாளிப்பம். இந்தச் சனம் அவரோட வளர்ந்த சனம், நாதன். அவையள் சிரிக்கிறதை நான் பாக்கேலாது."

"அவருக்குத் தெரியும், பாலின். மூடினால் அவருக்குத் தெரியும்."

"போன வருசம் எண்டால் தெரிஞ்சிருக்கும்," என்றார்.

அவர் அழவில்லை. கிற்றாரின் பட்டியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். சிறி அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூடுதலாக ஒரு மைக்கை எடுத்துக்கொண்டுபோய் டெனிஸ் நிற்கும் பக்கத்தில் நிறுத்தினேன்.

டெனிஸ் மேடைக்குப் பின்னால் நிழலில் இருந்தார். பாஞ்சோவைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தார். காற்றின் ஈரத்துக்குத் தோல் பழகினால்தான் சுருதி நிற்கும். சலவை செய்த வெள்ளைச் சேட்டு. என்னைப் பார்த்து, "முதுகு எப்பிடி?" என்றார். நான் யாரென்று தெரிந்து கேட்டாரா, வாயில் வந்ததைக் கேட்டாரா, தெரியாது. "நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

மேடை ஏறியதும் அந்தத் தனி மைக்கைக் கண்டார். நின்றார். தலையைச் சரித்தார்.

"இந்தக் கம்பு ஆருக்கு?"

டெனிஸ் குனிந்து கேபிளைக் கழற்றினார்; தகர நகம் மாட்டிய விரல்களோடேயே சுருட்டினார். ஒரு வளையம் மேலாக, ஒன்று கீழாக, பிசகில்லாமல். கம்பைத் தூக்கி மேடையின் ஓரத்தில் வைத்தார். திரும்பி வந்து நடு மைக்குக்கு முன்னால் நின்று, "குரொய்டன், தோன்டன் ஹீத், நோர்பரி," என்றார். சனம் சிரித்துக் கைதட்டியது. அந்த ஊரில் அந்தச் சோதனை எல்லோருக்கும் பழக்கம்.

"நோர்பரி," என்றார் மறுபடி. கொஞ்சம் பொறுத்து, "நோர்பரி."

பாலின் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதும் நன்றாகப் போனது. டெனிஸ் தன் முறைக்கு முன்னுக்கு வந்தார். வயலின்காரருக்கு வழி விட்டார். நான் மூச்சு விட்டேன். கடைசியாக அவருடைய மெட்டு. வருடாவருடம் விழாவை முடித்து வைக்கிற மெட்டு; டெனிஸ்தான் தொடங்குவார், டெனிஸ்தான் முடிப்பார். தொடங்கினார். பிள்ளைகள் புல்லில் குதித்தார்கள். பாஞ்சோ, வயலின், கிற்றார், திரும்பப் பாஞ்சோ. வழக்கமாக அந்த இடத்தில்தான் கால் எழும்பும்.

எழும்பவில்லை.

இன்னொரு சுற்றுப் போனது. அதற்குப் பிறகும் ஒன்று. சனம் முதலில் உற்சாகமாகத்தான் கைதட்டியது. வயலின்காரர் பாலினைப் பார்த்தார். பாலின் டெனிஸின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது மேடையில் ஆணி அடித்ததுபோல் கிடந்தது. பாஸ்காரர் வியர்வையைத் தோளில் துடைத்தார். கைதட்டல் மெல்லக் குறைந்து, புல்லில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள். டெனிஸ் வேகத்தைக் கூட்டினார். முகத்தில் வியர்வை. அவருக்கு ஏதோ செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது. எது என்றுதான் தெரியவில்லை. அதை அவருடைய கண்ணில் நான் மேசையிலிருந்தே பார்த்தேன்.

பாலின் தன் காலைத் தூக்கினார். டெனிஸ் அதைக் கண்டார். கோபமாகத் தலையை ஆட்டினார். தொடங்கியது அவரல்லவா!

விழாப் பொறுப்பாளர் என்னிடம் வந்து மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். கவுன்சில் கொடுத்த நேரம் முடிகிறது.

"இறக்கு நாதன்," என்றார் சிறி அண்ணை. "மெல்ல இறக்கு. பிறகு ஜெனரேட்டர் நிண்டு போச்சு எண்டு சொல்லுவம்."

"நாலு பேரும் போயிடுவினம் அண்ணை."

"போகட்டும். அந்த மனுசன் படுற பாட்டைப் பார்."

"ஜெனரேட்டர் ஓடுற சத்தம் அவருக்குக் கேக்கும். நாங்கள் பொய் சொன்னது தெரிஞ்சிடும்."

"அப்ப என்ன செய்யப்போறாய்? விடிய விடிய வாசிக்க விடப்போறியோ?"

மேசையை அவரிடம் விட்டுவிட்டுப் புல்வெளியால் நடந்தேன். பாய் விரித்திருந்தவர்களை விலக்கி மேடைக்கு நேரே, டெனிஸின் கண்ணுக்கு முன்னால் போய் நின்றேன். கச்சேரி நடக்கும்போது நேரம் முடிந்தால் மேடைக்குச் சைகை காட்டுவது எப்போதும் என் வேலை. மேசைக்காரன் சைகை காட்டினால் மேடை கேட்கவேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். நான் வாத்தியக்காரன் இல்லை, மரியாதைக்கேடும் ஆகாது. ஒரு காலைத் தூக்கினேன். புல்லில் கொக்குமாதிரி ஒற்றைக் காலில் நின்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

டெனிஸ் என்னைப் பார்த்தார். அந்தச் சுற்று முடியுமட்டும் பார்த்துக்கொண்டே வாசித்தார். முடிவில் அவருடைய சப்பாத்து மேடையை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பியது. நாலு பேரும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றார்கள்.

பூங்கா அதிர்ந்தது. அவ்வளவு கைதட்டல். பாலின் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். டெனிஸ் மைக்குக்குக் கிட்ட வந்து, சந்தோசமாக, "எல்லாருக்கும் வணக்கம். ஒரு மெட்டோட தொடங்குவம்," என்றார்.

தொடங்கினார். அதே மெட்டு.

வயலின்காரர் வில்லைக் கீழே இறக்கினார். பாஸ் நின்றது. பாலின் பின்னுக்குப் போய், கிற்றாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நடு மைக்குக்கு முன்னால் டெனிஸ் மட்டும். தனி மைக்கை வேண்டாம் என்று கழற்றி வைத்தவருக்கு, மற்றவர்கள் விலகியதும் நடு மைக்கே தனி மைக்காகிவிட்டது.

நான் மேசைக்குத் திரும்பும்போது பாலின் மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தரம் தலையசைத்தார்.

சட்டென்று மூடக்கூடாது என்பது டெனிஸ் பழக்கியது. ஒரு முழுச் சுற்றுக்கு இறக்கவேண்டும், எப்போது இறங்கியது என்று சனத்துக்குத் தெரியாதபடி. அப்படியே இறக்கினேன். அந்தச் சுற்று முடிந்தபோது பொத்தான் அடியில் கிடந்தது. பிறகு பாஞ்சோவின் வெறுஞ்சத்தம் மட்டும் கேட்டது, தகரத்துக்குள் சின்னக் கற்களைக் குலுக்குவதுபோல. முன்னால் இருந்தவர்களுக்குத்தான் கேட்டிருக்கும். அவர்கள் சிரிக்கவில்லை. அசையவும் இல்லை.

டெனிஸ் நிறுத்தினார். தலையைச் சரித்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு நேராக என்னைப் பார்த்தார். காது போகவில்லை. மற்றதெல்லாம் போன பிறகும் அது அங்கேயே இருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை.

அவர் கையை உயர்த்தி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். வேலை முடிந்தது, சாமானைச் சுருட்டு என்று அவர் எங்களுக்குக் காட்டுகிற சைகை. பாஞ்சோவைக் கழற்றிப் பாலினிடம், யாரோ வாத்தியக்காரியிடம் அவளுடைய பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல் மரியாதையாகக் கொடுத்தார். மேடையை விட்டு இறங்கி வந்து, எனக்குப் பக்கத்தில் குனிந்து கேபிளைச் சுருட்டத் தொடங்கினார்.

"கடைசியா வாசிச்சது ஆர்?" என்று கேட்டார்.

சிறி அண்ணை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு பாஞ்சோக்காரர்," என்றேன்.

"நல்லா வாசிச்சாரோ?"

"நல்லா வாசிச்சார். நிப்பாட்டத்தான் தெரியேல்லை."

டெனிஸ் சிரித்தார். "அவங்களில ஒருத்தனுக்கும் தெரியாது," என்றார். "நீ மெல்லத்தானே இறக்கினாய்?"

"ஓம். ஒரு முழுச் சுற்றுக்கு."

"அதுதான் சரி."

அவர் விரல்களில் தகர நகங்கள் இன்னும் இருந்தன. ஒவ்வொரு வளையத்துக்கும் கேபிளில் கிறீச்சென்று உரசின. கொஞ்ச நேரத்தில் அவருக்கே அது கேட்டது. கையை விரித்து நகங்களைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். யாருடையது என்று கேட்பதுபோல் என்னிடம் நீட்டினார். அதற்குள் பாலின் வந்துவிட்டார். அவருடைய கையைத் தன் கையில் ஏந்தி, குழந்தைக்குக் கையுறை கழற்றுவதுபோல், ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

நான் அம்பை அணைத்தேன். பிறகு மேசையை அணைத்தேன். டெனிஸ் தலையைச் சரித்து அந்த 'டும்'முக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை.